பூனைக்காலரின் பிரேக்

வண்டி ஓட்டுகிறவர்கள் வாயால் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. லாரிகளை எடை போடும் மேடையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. வருகிறவர்கள் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "லோடு கம்மிதாண்ணே" என்று ஆரம்பிப்பார்கள். நான் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பேன். எண் ஆடி அடங்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். அதனால் எனக்கு அங்கே உம்மணாமூஞ்சி என்று பெயர். இதைவிட மோசமான பெயரெல்லாம் சிலருக்கு இருப்பதால் நான் கண்டுகொள்வதில்லை.

மேடையில் ஏறி வண்டி பிரேக் போடும்போது எண் ஒரு குதி குதிக்கும். அவசரக்காரன் ஓட்டி வந்தால் ஐம்பது, அறுபது கிலோ மேலே போய், கீழே இறங்கி, மறுபடி ஏறி, அப்புறம்தான் நிற்கும். அந்தக் குதியைப் பார்த்தே ஓட்டுகிறவனின் குணத்தைச் சொல்லிவிடுவேன். என் சர்வீசில் எண் குதிக்காமல் வந்து நின்ற வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என் அக்கா வீட்டுக்காரருடைய பழைய சின்ன டிரக்.

மாமாவுக்குக் கண்ணாடிக்கடை. ஜன்னலுக்கு, மேஜைக்கு, கடை முகப்புக்கு, முகம் பார்க்க என்று எல்லாம் உண்டு. அறுத்தது போக மிஞ்சும் துண்டுகளை டிரம்களில் போட்டு, மாதம் ஒருமுறை உருக்கும் ஆலைக்குக் கொண்டுபோவார். போகும் வழியில் என் மேடையில் ஏற்றி எடை போட்டுக்கொள்வார். டிரம்முக்குள் இருக்கும் சில்லுகூடச் சத்தம் போடாது. மற்ற டிரைவர்கள் அவருக்குப் பூனைக்கால் என்று பெயர் வைத்திருந்தார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் பூனைக்காலர் என்பார்கள்.

பதினேழு வயதில் ஒரு கண்ணாடிக்கடையில் தூக்குகிற ஆளாகச் சேர்ந்தவர் அவர். வண்டியின் பின்னால் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வேலை. அப்படி நின்று நின்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ரோட்டிலுள்ள பள்ளம் கண்ணாடியை உடைப்பதில்லை, ஓட்டுகிறவனின் கால்தான் உடைக்கிறது. தனியாகக் கடை போட்டதும் இந்த டிரக்கைப் பழையதாக வாங்கினார். அதே வருடம்தான் என் அக்காவையும் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டில் எது முதலில் பிடித்துப்போனது என்று கேட்டால், அக்கா எதிரில் இருந்தால் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவார்.

டிரக்கின் பின்னால் சாய்மானமாக ஒரு மரச்சட்டம், அதில் ரப்பர் பட்டை, அதன்மேல் பழைய கம்பளத் துண்டுகள். எல்லாம் அவரே ஆணி அடித்தது. ஓட்டும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிடுவார். வெறுங்காலில்தான் பெடலின் மூச்சு தெரியும் என்பார். சிக்னலோ திருப்பமோ கண்ணில் பட்டதுமே, இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்போதே, கால் போய்ப் பெடலைத் தொட்டுவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"நிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி காலை லேசா எடுத்துடணும் மாப்ளே," என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "அப்பதான் வண்டி தானா நின்னுச்சுன்னு கண்ணாடி நினைச்சுக்கும்."

எனக்குக் கார்கூட ஓட்டத் தெரியாது. இருந்தாலும் தலையாட்டி வைத்தேன்.

அக்கா சும்மா கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. தூக்குவதும் ஓட்டுவதும் மாமா, அறுப்பது அக்கா. கட்டரைக் கண்ணாடிமேல் ஒரே இழுப்பாக இழுத்து, கீழே ஒரு தட்டுத் தட்டினால் கோடு போட்ட இடத்தில் பிரியும். கண்ணாடியின் கனத்தை அளக்க அவளுக்கு அளவுகோல் வேண்டாம். ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பிடி பிடித்து, நாலு எம்எம், அஞ்சு எம்எம், எட்டு எம்எம் என்று சொல்லிவிடுவாள். பத்து வருடம் முன்னால் மாமாவுக்குக் கை எலும்பு முறிந்தபோது அவள் லைசென்ஸ் எடுத்தாள். அந்த ஒன்றரை மாதம் காலி வண்டியை ஓட்டினாள். "லோடோட மட்டும் வேண்டாம்," என்று மாமா சொன்னார். கை சரியானதும் சாவி அவரிடம் திரும்பிப் போயிற்று. அதைப் பற்றி அக்கா எதுவும் சொன்னதில்லை. லைசென்சைப் புதுப்பிக்க மட்டும் ஒருமுறையும் மறந்ததில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை போடுவார், மறப்பார், டாக்டரிடம் போகாமலிருக்க நல்ல நல்ல காரணங்கள் வைத்திருப்பார். போன வருடம் ஒருநாள் கடையிலிருந்து பின்கட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். இன்னொன்று வழியிலேயே கழன்று கிடந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அக்கா சிரித்துவிட்டாள். இன்னொரு நாள் அவர் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. உள்ளங்காலில் அரை விரல் நீளத்துக்கு ஒரு சில்லு ஏறியிருந்தது. இது குத்தினதுகூடத் தெரியலையா என்று நான் கேட்டேன். "கண்ணாடிக்காரனைக் கண்ணாடி குத்தினா அது செய்தியா?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் முன்னால் சில்லு டிரம்களோடு மேடைக்கு வந்தார். எண் குதித்தது. இருபது கிலோ மேலே போய் இறங்கிற்று. எனக்குக் கோபம்கூட வந்தது, நம்பிக்கை வைத்திருந்த ஒரே வண்டியும் இப்படியா என்று. அடுத்த மாதம் நாற்பது. ஜன்னலில் வந்து சீட்டை வாங்கியவரிடம், "பிரேக் பேடு தேஞ்சிருக்கும் மாமா, பாருங்க," என்றேன்.

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஆமாமா. பேடுதான்," என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வாயால் சொல்வதை நம்பாதவன் என்று மார்தட்டிக்கொள்ளும் நான்தான் அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தேன். இதை மறைத்துவிட்டு மேலே சொல்வது சரியில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி பிடிக்க ஆள் இல்லை என்று நானும் டிரக்கில் போயிருந்தேன். முன்னால் பழம் விற்கிற ஒரு தள்ளுவண்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு போனது ஒரு வயதான அம்மா. நல்ல தூரம் இருந்தது. மாமா சாதாரணமாகத் தொட்டு நிறுத்துகிற தூரத்தைவிட இரண்டு மடங்கு இருந்தது. வண்டி வேகம் குறையாமலே போயிற்று. பிறகு ஒரு பெரிய உலுக்கல். கம்பளத்தில் சாய்ந்திருந்த கண்ணாடி இரண்டாகப் போன சத்தம் பின்னாலிருந்து கேட்டது. பம்பர் தள்ளுவண்டியை இடித்து, பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. அவர் அலறவில்லை, வையவும் இல்லை, அசையாமல் அங்கேயே நின்றார். மாமா இறங்கி ஒவ்வொரு பழமாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

"பிரேக் பிடிக்கலைம்மா. பேடு தேஞ்சுபோச்சு," என்று அந்த அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட அக்கா, பிரேக் சரியாகும்வரை வண்டி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ஆறு ஆளுயரக் கண்ணாடிகள் ஒரு நடனப்பள்ளிக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம், காலை நேரத்தில் பிள்ளைகளால் நிறைந்துவிடும் ரோடு. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அரைநாள் வேலை. மாமா கேட்கவில்லை. "பேடு மாத்தறதுக்கு எதுக்கு ஒர்க்‌ஷாப்பு? நாலு போல்ட்டு. வீட்டிலேயே பண்ணிக்கலாம்," என்று பேடு பெட்டியைத் தானே போய் வாங்கி வந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்காரன் சக்கரத்தைக் கழற்றினால் என்ன சொல்வான் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் பக்கத்துச் சிமெண்ட் தரையில் டிரக்கை நிறுத்தினோம். பின்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைத்தேன். மாமாவுக்கு முட்டி மடங்காது, குந்த முடியாது. அதனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வது, நான் செய்வது என்று ஏற்பாடு. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை லேசாக இளக்கிக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஸ்பேனரை மாட்டி ஏறி நின்று குதித்தேன். ஸ்பேனர் வழுக்கி என் முழங்கால்தான் இளகிற்று.

அக்கா கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய நைட்டிமேல் மாமாவின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். "நகருடா. நீ எடை போடறதோட நிறுத்திக்கோ," என்று ஸ்பேனரை வாங்கினாள். தினம் கண்ணாடிப் பலகை தூக்குகிற கை. நட்டு ஒவ்வொன்றும் ஒரு முனகலோடு இளகிற்று. ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்தாள். வழுக்கினால் வண்டி அதன்மேல் விழட்டும் என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"நாலு வருஷம் முன்னாடி ஒர்க்‌ஷாப்ல மாத்தினப்ப கூட நின்னு பார்த்தேன். மனுஷன் உயிரு இதுல இருக்கு, இதைப் பார்க்காம வேற எதைப் பார்ப்பாங்க?"

மாமா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சக்கரத்துக்குள் பளபளவென்று வட்டத் தகடு. டிஸ்க் என்கிறார்கள். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கூடு, காலிப்பர். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகப் பேடு. அக்கா இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிப்பரை அப்படியே தொங்க விடாமல் ஒரு கம்பியால் மேலே கட்டினாள். தொங்கினால் பிரேக் ஆயில் வருகிற ஹோஸ் அறுந்துபோகும். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாள், கோபம் இல்லாத நிதானம். பிறகு பழைய பேடுகளை வெளியே எடுத்தாள்.

பெட்டியைப் பிரித்துப் புதுப் பேடு ஒன்றை நான் கையில் கொடுத்தேன். அவள் இடது கையில் பழையதை, வலது கையில் புதியதைப் பிடித்தாள். கண்ணாடி ஓரத்தைப் பிடிப்பதுபோலவே இரண்டையும் விரலிடுக்கில் பிடித்தாள்.

"இது பத்து," என்றாள். பழையதை இன்னொரு முறை பிடித்துப் பார்த்தாள். "இது எட்டு எம்எம்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வண்டியின் மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தணும்னா எவ்வளவு தேயணும்?" என்று கேட்டேன்.

"மூணுக்கு வந்தா மாத்தணும்."

இவரைப்போல் தொட்டுத் தொட்டு ஓட்டுகிறவர் வண்டியில் நாலு வருடத்துக்கு இரண்டு எம்எம் தேய்ந்திருப்பதே அதிகம். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்து, பேடு உட்காரும் இடத்தைத் துருப் போகத் தேய்த்தாள். தேவைக்கு மேலேயே தேய்த்தாள். அவள் இப்படி எதையாவது தேய்த்துக்கொண்டிருந்தால் கிட்டே போகக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"ஒருவேளை அந்தப் பக்கம் தேஞ்சிருக்கும்," என்றார் மாமா.

"இருக்கும்," என்றாள் அக்கா.

புதுப் பேடு கனமாக இருக்குமல்லவா, அதற்கு இடம் வேண்டும். காலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, வழிந்தால் துடைக்க என்னிடம் துணியைக் கொடுத்து நிறுத்தினாள். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து, சி கிளாம்ப் என்கிற திருகுப்பிடியால் திருகித் திருகி மெல்ல உள்ளே அழுத்தினாள். டப்பாவில் ஆயில் மயிரிழை மயிரிழையாக ஏறிற்று. காலிப்பரைத் தாங்குகிற பின்களுக்குக் கிரீஸ் போட்டாள். பேடின் தேய்கிற முகத்தில் கை படாமல் ஓரத்தைப் பிடித்து உட்கார வைத்தாள். காலிப்பரை இறக்கி, போல்ட்டை முறுக்கினாள். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சோதித்துவிடலாம் என்றாள்.

"நீங்க ஏறி உக்காந்து பெடலை மிதிங்க. பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கேன். மொதல் மிதி தரைவரைக்கும் போகும். மூணு நாலு மிதிக்கு அப்புறம்தான் கெட்டியாகும். சொல்லுங்க."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். அக்கா டிஸ்க்கின் ஓரத்தில் துணியைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிதிச்சாச்சு," என்றார் மாமா.

"எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு. நல்லா இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். முதல் மிதியே கெட்டியாக இருக்க வழியில்லை. அவள் டிஸ்க்கைச் சுழற்றினாள். அது சும்மா சுழன்றது.

"மிதிச்சிருக்கீங்களா?"

"மிதிச்சுக்கிட்டுதான இருக்கேன்."

மறுபடி சுழற்றினாள். தடையே இல்லை. என்னைத் தலையசைத்துப் போய்ப் பார்க்கச் சொன்னாள். நான் கதவுப்பக்கம் போய்க் குனிந்தேன்.

மாமா நேராக ரோட்டைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தொடை நரம்பு புடைத்திருந்தது. வெறும் பாதம் பிரேக் பெடலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவில், வண்டியின் தகரத் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. பெடல் அதற்கு இரண்டு விரல் தள்ளி, தன் இடத்தில் இருந்தது.

நான் கையசைத்து அக்காவைக் கூப்பிட்டேன். தள்ளுவண்டி அம்மாவின் முகம் கண்முன் வந்தது. திங்கட்கிழமை ரோடும் பிள்ளைகளும் வந்தார்கள்.

அக்கா எழுந்து வந்தாள். ஒரு கணம் பார்த்தாள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் நைட்டியில் துடைத்துக்கொண்டு, அவர் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பெடல்மேல் வைத்தாள். அப்போதுதான் மாமா குனிந்து கீழே பார்த்தார்.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். பெடல் தரைவரை போயிற்று.

"உள்ள போகுது," என்றார் மாமா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "முட்டியில தெரியுது. கீழ ஒண்ணும் தெரியலை."

"இன்னொரு தடவை."

நாலாவது மிதியில் பெடல் மேலேயே நின்றது. அக்கா திரும்பிப் போய் டிஸ்க்கைப் பிடித்தாள். அசையவில்லை. "பிடிச்சிருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மாமா இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி பேசினார். "அஞ்சாறு மாசமா பஞ்சு மேல கால் வைக்கற மாதிரி இருக்கு. குனிஞ்சு பார்த்துட்டு வெச்சா சரியா வெச்சுடுவேன். அன்னைக்கு அந்தம்மாவைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். காலைப் பார்க்கலை."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா ஓட்டாதேன்னு சொல்லுவே."

"சொல்லுவேன்."

"அதான் சொல்லலை. பேடா இருக்கணும்னு நினைச்சேன். இவன் சொன்னதும் அதுவாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்." அவர் அழவில்லை. பேடு பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் தன் காலைக் குற்றம் சொல்ல முடியாமல் ஒரு இரும்புத் துண்டின்மேல் பழி போட்டு, அதையும் கடையில் போய் வாங்கி வந்திருக்கிறார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா ஜாக்கியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள்.

"பழசே நல்லாத்தான இருக்கு," என்றார் மாமா. "அந்தப் பக்கம் அப்படியே விட்டுடு."

"ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசுமா இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்," என்றாள். "ரெண்டையும் மாத்தணும்." அதையும் முதல் பக்கம் செய்த அதே நிதானத்தோடு செய்தாள். இந்த முறை பெடல் மிதிக்க அவளே ஏறினாள், டிஸ்க்கைப் பிடித்தது நான். எல்லாம் முடித்து, சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினாள். பழைய பேடு நாலையும் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டாள். இன்னும் பல வருடம் உழைக்கும் சாமானைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வராது. பிறகு மாமாவிடம் கையை நீட்டினாள்.

"சாவி."

"நாளைக்கு லோடு."

"தெரியும். அறுத்ததே நான்தானே."

மாமா சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். கொடுப்பதற்கு நேரமாயிற்று. அவள் கையை நீட்டியபடியே நின்றாள், அவசரப்படுத்தவில்லை, இறக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கண்ணாடிகள் போய்ச் சேர்ந்தன. ஓட்டியது அக்கா, நடுவில் மாமா, ஓரத்தில் நான். பள்ளிக்கூட ரோட்டில் வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. மாமா வழியெல்லாம் "தொடு… விடு… இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா மூன்றாவது சிக்னல்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க ஓட்டறப்ப நான் பேசினேனா?" என்றாள். அதற்குப் பிறகு அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் பின்னால் கண்ணாடி லேசாக முனகியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் டாக்டர் தொட்டார். மாமா இரண்டு இடத்துக்குத்தான் ஆமாம் என்றார். இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் புதுச் செய்தியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்கு வந்ததும் டிரக்கில் கிடந்த தன் உட்காரும் மெத்தையை எடுத்து, பக்கத்துச் சீட்டில் மாற்றிப் போட்டார்.

மாதக் கடைசியில் சில்லு டிரம்களோடு டிரக் என் மேடைக்கு வந்தது. அக்கா ஓட்டி வந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். எண் முப்பது கிலோ குதித்து, ஆடி, நின்றது. பெட்டி என் பக்கம்தான் திரும்பியிருக்கும், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

மாமா இறங்கி, ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்து வைத்தபடி ஜன்னலுக்கு வந்தார்.

"எவ்வளவு குதிச்சுது மாப்ளே?"

பத்தொன்பது வருடத்தில் நான் யாருக்கும் பொய் எண் சொன்னதில்லை. "குதிக்கவே இல்லை மாமா," என்றேன்.

அவர் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பழைய சிரிப்பு. "பொய் சொல்லாதடா. கால்தான் போச்சு. முதுகு இருக்குல்ல? முப்பது கிலோ குதிச்சிருக்கும்," என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன்.

"போன வாரம் ரோட்டுல இதைவிட அதிகம்," என்றார். "கடைசி நொடியில காலை எடுக்க மாட்டேங்கறா. வந்துடும். அவ விரலுக்கு எட்டு எம்எம் தெரியும்போது காலுக்கு இது தெரியாமலா போகும்?" சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து தரையைப் பார்த்தபடி வண்டிக்கு நடந்தார். முதலில் தன் பக்கம் போகவில்லை. ஓட்டுகிற பக்கம் போய், கதவில் சாய்ந்து நின்று, உள்ளங்கையைப் பெடல்போலச் சாய்த்துப் பிடித்து, அதைக் கடைசியில் எப்படி மெல்ல விட வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.